நியூட்ரல் சந்துக்குள் ஒரு பட்டன் பிரேக்

புதுச்சேரியில் மேடு என்று தேடினால் மூன்றுதான் கிடைக்கும். கோரிமேடு, ரயில்வே மேம்பாலம், ஸ்பீடு பிரேக்கர். இதில் மூன்றாவதற்குத்தான் ஊரே பயப்படும். அப்படிப்பட்ட தட்டை ஊருக்கு, காரை மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொல்லித் தருவதற்காகக் கடல் தாண்டிப் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நான் இருப்பது மொரீஷியஸுக்குப் பக்கத்தில், பிரெஞ்சுக்காரர்களின் ரீயூனியன் தீவில். பிறந்தது பாண்டியில் என்றாலும், கல்யாணமாகிப் போனதிலிருந்து அதுதான் ஊர். கடற்கரையை விட்டு நாலு அடி நகர்ந்தால் மலை. வயதானவர்களைக் காலையில் பகல் விடுதிக்கு ஏற்றிப்போய் மாலையில் வீட்டில் இறக்கிவிடும் வேன் ஓட்டுகிறேன். எங்கள் பக்கம் வண்டியை நிறுத்துவது ஒரு சடங்கு. ஹேண்ட் பிரேக்கை முனகும் வரை இழுக்க வேண்டும், கியரில் போட வேண்டும், முன் சக்கரத்தைச் சுவர்ப் பக்கம் ஒடித்து வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் நான் டயருக்கு அடியில் ஒரு கல்லை வைத்துவிட்டுத்தான் இறங்குவேன். கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், என் வேன் இதுவரை யார் வீட்டுக்குள்ளும் புகுந்ததில்லை.

என்னை வரவழைத்தது தம்பி மனைவி லதா. தம்பி சேகர், பாண்டிக்கு வரும் டூரிஸ்டுகளுக்குக் கார் ஓட்டிப் பிழைத்தவன். இரண்டு வருஷத்துக்கு முன் பைக் விபத்தில் இடது தோள் நரம்பு போய்விட்டது. கை இருக்கிறது, பிடி இல்லை. டீ கிளாஸைக்கூடப் பிடிக்க முடியாது, விரலை மட்டும் கொஞ்சம் மடக்குவான். கியர் இல்லாத வண்டியென்றால் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லி, லைசென்சையும் அதற்கேற்ப மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பழைய காரை விற்று, ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியும் விட்டான். வாங்கி, உறை போட்டு மூடி, வாசலில் நிறுத்திவிட்டு, தினமும் காலையில் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறானாம்.

“அண்ணி, நான் எடுத்து ஓட்டுங்கன்னா எரிஞ்சி வுழறாரு. நீங்க வந்து பக்கத்துல குந்துங்க. உங்க பேச்சுக்குத்தான் அடங்குவாரு” என்றாள் லதா போனில்.

ரெண்டு வாரம் லீவு கேட்டேன். எதற்கு என்று கேட்ட மேலாளரிடம், தம்பிக்குக் கார் ஓட்டக் கற்றுத்தர என்றேன். அவனுக்கு என்ன வயது என்றார். நாற்பத்தெட்டு என்றேன். அந்தம்மாள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

கருவடிக்குப்பத்தில் சேகர் வீடு ஒரு முட்டுச் சந்துக்குள் இருக்கிறது. போன முதல் நாள் காலை, பல் துலக்கிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தால், லுங்கி கட்டிய இரண்டு பேர் எதிர்வீட்டு வெள்ளைக் காரைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். உள்ளே டிரைவர் கிடையாது. வாயில் நுரையோடு, “டேய், காரைத் திருடுறானுங்கடா!” என்று கத்தினேன். தள்ளிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் நின்று, “சேகரு அக்காவா? எப்போ வந்தீங்க? நல்லா கீறீங்களா?” என்று விசாரித்துவிட்டு மறுபடி தள்ளினார்.

சேகர் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சந்தில் கார்கள் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் நிற்க முடியும். உள்ளே இருப்பவர் வெளியே போக வேண்டுமானால் முன்னால் நிற்பதெல்லாம் நகர வேண்டும். நடுராத்திரியில் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டிச் சாவி கேட்பதற்குப் பதிலாக, சந்துக்காரர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். சக்கரத்தை நேராக வைத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுப் போய்விட வேண்டும். யார் வேண்டுமானாலும் யார் காரையும் தள்ளிக்கொள்ளலாம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எங்கள் ஊரில் இப்படி விட்டால் கார் கடலில்தான் போய் நிற்கும்.

“உன் வண்டியும் இப்படித்தானா?” என்று கேட்டேன்.

அவன் சிரிப்பு நின்றது. “என்துல லீவருக்குப் பதிலா பட்டன் பிரேக்காச்சே. இன்ஜின ஆஃப் பண்ணா தானா பூட்டிக்கும். யானை வந்தாக்கூட தள்ள முடியாது.” இடது கையை வலது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, “என்னாலயும் யாரு வண்டியையும் தள்ள முடியாது” என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அனுதாபமாகப் பேசினால் அவன் எழுந்து போய்விடுவான் என்று தெரியும். “யானைக்கு வேற வேலை இல்லையா? சாவிய எடு” என்றேன்.

அன்று மாலை ஈசிஆரில் பிள்ளைச்சாவடிப் பக்கம் போனோம். சந்திலிருந்து வெளியே நான் எடுத்துவந்து, பிறகு இடம் மாறினோம். சேகர் உட்கார்ந்து, ஆக்சிலேட்டரை மிதித்தான். வண்டி உறுமியது, நகரவில்லை. இன்னும் மிதித்தான். “பாத்தியா, பாத்தியா, இதுக்குத்தான் நான் தொடல” என்று என் மேல் பாய்ந்தான். காரணம் ஒன்றும் பெரிதில்லை. ஐயா பெல்ட் போடவில்லை. பெல்ட் போட்டால்தான் அந்த பிரேக் தானாக விடும். இருபது வருஷமாக பெல்ட்டின் மேலேயே உட்கார்ந்து ஓட்டியவனுக்கு இது அவமானமாக இருந்தது. வலது கையைக் குறுக்கே கொண்டுவந்து மாட்டினான். மிதித்தான். பின்னாலிருந்து ஒரு சின்ன முனகல், பிரேக் விட்டது, வண்டி போயிற்று.

எனக்கு அந்தப் பட்டன் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். லீவர் என்றால் எவ்வளவு இழுத்தோம் என்று கைக்குத் தெரியும். கேபிள் தளர்ந்தால் இரண்டு கிளிக் கூட வரும், அது ஒரு எச்சரிக்கை. பட்டனில் என்ன தெரியும்? சிவப்பு விளக்கு எரிந்தால் நம்ப வேண்டியதுதான். பேட்டரி செத்தால் வண்டி செத்த இடத்திலேயே கிடக்கும். பின் பிரேக் கட்டை மாற்ற வேண்டுமென்றால் தெருமுனை மெக்கானிக் தொட மாட்டார், அதற்கென்று மிஷின் வைத்திருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். இதையெல்லாம் போகும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன்.

பிள்ளைச்சாவடியில் கடலுக்குக் கொட்டியிருந்த கருங்கல் ஓரம் நிறுத்தினான். இடது கை ஆள்காட்டி விரலைப் பட்டனுக்கு அடியில் கொடுத்து, மெல்ல மேலே தூக்கினான். விளக்கு எரிந்தது. அந்த ஒற்றை விரலைப் பார்த்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். இழுக்கப் பிடி இல்லாதவனுக்கு யாரோ எங்கேயோ உட்கார்ந்து யோசித்துச் செய்த பட்டன் அது. யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அடுத்த சில நாட்கள் சந்தோஷமாகப் போயின. காலையில் ஓட்டுவோம், வெயில் ஏறினால் வீடு. ரோட்டோரம் நுங்கு வாங்கித் தின்போம். ஒரு நாள் பிரெஞ்சுக்காரர் தெருக்கள் பக்கம் போய், அடுமனையில் நீட்ட ரொட்டி வாங்கினோம். எங்கள் தீவிலும் அதே ரொட்டிதான், ஆனால் இங்கே அதை மீன் குழம்பில் தோய்க்கிறார்கள், அதனால் இங்குள்ளதுதான் உசத்தி. அங்கேயும் யாரோ ஒருவருடைய காரை நாலு பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. “போலீஸைக் கூப்பிடவா?” என்று மனைவி பிரெஞ்சில் கேட்டாள். “இரு, அவர்கள் சிரிக்கிறார்கள். திருடர்கள் சிரிக்க மாட்டார்கள்” என்றார் கணவர். நான் முதல் நாள் போட்ட சத்தத்தை நினைத்து, அவர்கள் பக்கம் திரும்பாமல் நடந்தேன்.

பிறகு மேம்பாலம் வந்தது. வில்லியனூர் போகிற வழியில், ஏற்றத்தின் நடுவில் போக்குவரத்து நின்றுவிட்டது. காரை விற்றவர், “மேட்டுல தானா நிக்கும் சார், ஹில் ஹோல்டு இருக்கு” என்று சொல்லியிருந்தாராம். சேகர் அதை நம்பி, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தான். வண்டி நின்றது. ஒன்று, இரண்டு என்று எண்ணும் நேரம் நின்றது. அப்புறம் பின்னால் உருண்டது. அவன் பதறி மிதிப்பதற்குள் பின்னால் இருந்த பைக்கில் இடித்துவிட்டது. பைக்காரருக்கு அடி இல்லை, மட்கார்டு நசுங்கியிருந்தது. கோபமாக ஜன்னல் பக்கம் வந்தவர், சேகரின் மடியில் கிடந்த கையைப் பார்த்தார்.

“கையி இப்படி இருக்க உனுக்கு எதுக்குய்யா வண்டி? ஊட்ல குந்த வேண்டியதுதான?” என்றார்.

அவரைத் திட்ட நான் கதவைத் திறந்தேன். சேகர் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். இன்ஜினை அணைத்துக் கீழே இறங்கி, அந்தப் பக்கம் சுற்றி வந்து, நான் இருந்த சீட்டுக் கதவருகே நின்றான். அந்த நெரிசலில், ஹார்ன் சத்தத்தில், நான் டிரைவர் சீட்டுக்கு மாறினேன். வீடு வந்ததும் சேகர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, “வித்துடலாம், லதா” என்றான்.

லதா அழவில்லை. அடுக்களைக்குள் போய் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவள், ஏதேதோ வீடியோ பார்த்துவிட்டு வெளியே வந்தாள். “ஹில் ஹோல்டுன்னா ரெண்டு மூணு செகண்டு தான் புடிக்குமாம். பிரேக்குலேர்ந்து கால எடுத்து ஆக்சிலேட்டர்ல வெக்கிற வரைக்கும்தான். நின்னுகினே இருக்கணும்னா அது வேற, ஆட்டோ ஹோல்டு. அதுக்கு தனியா பட்டன் இருக்கு, ஒவ்வொரு வாட்டியும் வண்டி எடுக்கும்போது அமுக்கணும். இல்லன்னா விரல்ல அந்த பிரேக்க தூக்கிடணும். தப்பு உங்க கையில இல்ல, வித்தவன் வாயில.” எனக்கும் அதுவரை இந்த வித்தியாசம் தெரியாது. லீவரே கதி என்று இருந்தவளுக்கு எப்படித் தெரியும்?

“தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது?” என்று சேகர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

மூன்று நாள் சேகர் ஆணியில் தொங்கிய சாவியைத் தொடவில்லை. நான் ஊருக்குத் திரும்பும் நாளும் நெருங்கியது. காரை நான்தான் கடைக்கும் கோயிலுக்கும் எடுத்துப் போனேன். சனிக்கிழமை மாலை கொண்டுவந்து சந்து முனையில், கடைசி வண்டியாக நிறுத்தினேன். எஞ்சினை அணைத்ததும் அது பூட்டிக்கொண்டது. நான் பாட்டுக்கு உள்ளே போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை லதாவும் நானும் வைத்திக்குப்பத்துக்கு மீன் வாங்கப் போனோம். மீன்பிடித் தடைக்காலம், பெரிய படகுகள் போகாது. சின்னப் படகில் வந்த நெத்திலிக்கும் சங்கராவுக்கும் கூட்டம் மொய்த்தது. லதா பேரம் பேசினால் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மீன்காரம்மாவை, “ஏம்மா, இது மீனா, நகையா?” என்று கேட்டாள். “நகைன்னா நாறாது கண்ணு, எடுத்துனு போ” என்றார் அந்தம்மா. சிரித்துக்கொண்டே ஷேர் ஆட்டோவில் ஏறினோம். எங்கள் இரண்டு பேர் போனும் வீட்டில் சார்ஜில் கிடந்தது.

சந்து முனையில் இறங்கினால், எங்கள் காரைச் சுற்றி ஒரு கூட்டம். ஆறேழு பேர் பம்பரில் கை வைத்துத் தள்ளுகிறார்கள். கார் அசையவில்லை. ஒதுங்கி நின்ற பெண் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். சந்தின் உள்கோடியில் இருக்கும் பாபுவின் மகள் ஹரிணி. அன்றைக்கு அவளுக்கு டாக்டர் படிப்புக்கான நுழைவுத் தேர்வு. ஒன்றரை மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள், அதற்குப் பிறகு யார் காலில் விழுந்தாலும் திறக்க மாட்டார்கள். ஏற்கெனவே ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து படித்தவள். பாபுவின் காருக்கு முன்னால் மூன்று கார்கள். மற்ற இரண்டையும் தள்ள ஆள் தயார். ஆனால் சந்து முனையை எங்கள் கார் அடைத்துக்கொண்டு நின்றது.

“சேகரு, சாவிய எடுத்துனு வாய்யா!” என்று பாபு எங்கள் வாசலில் நின்று கத்தினார்.

“அக்கா மீன் வாங்கப் போயிருக்கு, தோ வந்துடும்” என்று உள்ளேயிருந்து சேகர் குரல் கேட்டது.

“அக்கா வர்றதுக்குள்ள என் பொண்ணு வருஷம் போயிடும்யா!”

நான் ஓட ஆரம்பித்தேன். மீன் பையை எறிந்துவிட்டு ஓடியிருப்பேன். அதற்குள் லதா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“நில்லுங்க அண்ணி.”

“அந்தப் பொண்ணு அழுவுதுடி!”

“ஒரு நிமிஷம் நில்லுங்க. என் மேல ஆணை.”

அவள் பிடியைத் தளர்த்தவில்லை. நாங்கள் ரோட்டோர மரத்துக்குப் பின்னால் அப்படியே நின்றோம். சேகர் வெளியே வந்தான். சட்டைப் பொத்தானைக்கூடப் போடவில்லை. கூட்டத்தை விலக்கி உள்ளே உட்கார்ந்தான். வலது கை குறுக்கே வந்து பெல்ட்டை மாட்டியது. யாரோ, “பத்தடி எடுக்க பெல்ட் எதுக்குய்யா?” என்று அதட்டினார்கள். அவன் காதில் வாங்கவில்லை. கார் பின்னால் வந்து, ரோட்டில் திரும்பி, எங்களுக்கு நாலு அடி முன்னால் நின்றது. எங்களை அவன் பார்க்கவில்லை.

பாபு தன் காரை எடுக்க உள்ளே ஓடப் போனார். சேகர் ஜன்னலில் தலையை நீட்டினான்.

“உன் வண்டிய அங்கேர்ந்து எடுத்துனு வர்றதுக்குள்ள நேரமாயிடும். ரெண்டு பேரும் ஏறுங்க.”

பாபு தயங்கினார். தயங்கியது எல்லாருக்கும் தெரிந்தது. தேர்வு நடக்கும் கல்லூரி வில்லியனூர்ப் பக்கம், மேம்பாலத்தைத் தாண்டி. மேம்பாலத்தில் நடந்தது சந்து முழுக்கத் தெரியும். சேகர் மறுபடி கூப்பிடவில்லை, முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஹரிணிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின் கதவைத் திறந்து ஏறினாள். “வாப்பா, மாமா நல்லா ஓட்டுவாங்க” என்றாள். அவள் எதைப் பார்த்துச் சொன்னாளோ, அவளை நினைக்கும்போதெல்லாம் மனசாரக் கும்பிடுகிறேன்.

அவர்கள் போன பிறகு லதாவும் நானும் மீனை ஆய உட்கார்ந்தோம். நான் சங்கராவின் செதிலைச் சீவுகிறேன் என்று என் விரலைச் சீவிக்கொண்டேன். லதா ஒரே நெத்திலியை நாலு தடவை கழுவினாள். போன் பண்ணலாமா என்று நான் கேட்டேன். ஓட்டும்போது வேண்டாம் என்றாள். பாலத்தில் இந்நேரம் நெரிசல் இருக்குமா என்று அவள் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைதானே, இருக்காது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். குழம்பு கொதித்தது, ரசம் ஆறியது. வாசலுக்கு நான் எத்தனை தடவை போய்வந்தேன் என்று எதிர்வீட்டம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டரை மணிக்கு கார் சந்து முனையில் வந்து நின்றது. பாபு முதலில் இறங்கினார். “கேட்டு மூடறதுக்கு முன்னாடி வுட்டாச்சி” என்று சந்துக்கே கேட்கும்படி சொன்னார். சேகர் நேராக அடுக்களைக்கு வந்தான். தட்டைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கரண்டி சாப்பிட்ட பிறகுதான் வாயைத் திறந்தான்.

“பாலத்துல நின்னுச்சி.”

லதா அடுப்பருகே திரும்பாமல், “நின்னு?” என்றாள்.

“விரல்ல தூக்கனேன். நின்னுச்சி. முன்னாடி வண்டி நவுந்துது. மிதிச்சேன். போயிட்டேன்.” குழம்பைப் பிசைந்துகொண்டே, “உப்பு கம்மி” என்றான்.

“ஆமாங்க” என்றாள் லதா. உப்பு சரியாகத்தான் இருந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உப்பு ஜாடியைக் கொண்டுவந்து வைத்தாள். நான் எழுந்து கொல்லைப்புறம் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் சந்துக்காரர்கள் வாசலில் கூடிப் பேசினார்கள். தள்ள முடியாத காரை எங்கே நிறுத்துவது என்பதுதான் பேச்சு. முனையில் நின்றால் எல்லாரையும் அடைக்கும். “ரோட்டுல வெளிய நிறுத்திக்கிறேன், உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு” என்றான் சேகர். பாபுதான் மறித்தார். “என் எடத்துல வுடு, உள்கோடியில. அங்க நின்னா உன் வண்டிய யாரும் நவுத்த வேண்டியதில்ல.”

“அப்போ நான் போவணும்னா உங்க வண்டியெல்லாம் நவுத்தணுமே. என்னால தள்ள முடியாதுய்யா.”

“உன்ன யாரு தள்ளச் சொன்னது? ஹார்ன அடி. நாங்க இல்ல?” என்றார் எதிர்வீட்டுக்காரர், முதல் நாள் நான் திருடன் என்று கத்திய அதே ஆள். எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவ்வளவுதான் பஞ்சாயத்து.

நான் கிளம்பும் நாள், மெட்ராஸ் விமான நிலையத்துக்கு டாக்ஸி சொல்லலாம் என்றேன். சேகர் முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. விடியற்காலை உள்கோடியிலிருந்து ஒரே ஒரு தடவை ஹார்ன் அடித்தான். கதவுகள் திறந்தன. தூக்கக் கலக்கத்தோடு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாலைந்து பேர் வந்து மூன்று கார்களையும் ரோடு வரைக்கும் தள்ளினார்கள். ஹரிணியும் ஒரு கை கொடுத்தாள். நான் ஜன்னலை இறக்கி ஒவ்வொருவரிடமும் போய்வருகிறேன் என்று சொன்னேன். “அடுத்த வாட்டி கத்தாதீங்கக்கா” என்றார் எதிர்வீட்டுக்காரர். அந்தச் சந்துக்கு நான் எதைச் செய்து ஈடுகட்டுவேன் என்று தெரியவில்லை.

லதா பின் சீட்டில். நான் சேகருக்குப் பக்கத்தில். கடற்கரைச் சாலையில் உப்பளங்கள் கடந்து போயின, வெயில் ஏறியது. வேன் ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து நான் அடுத்தவர் ஓட்டும் வண்டியில் கண்ணை மூடியதே இல்லை. புருஷன் ஓட்டினாலும் சரி, என் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும். அன்றைக்கு எப்போது தூங்கினேன் என்று எனக்கே தெரியாது.

விழித்துப் பார்த்தபோது ஏதோ ஒரு பாலத்தின் ஏற்றத்தில் நின்றிருந்தோம். முன்னாலும் பின்னாலும் லாரிகள். சேகர் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். விளக்கு எரிகிறதா, கால் எங்கே இருக்கிறது, எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

“வந்துட்டமா?” என்றேன்.

“இன்னும் நேரம் இருக்குக்கா. தூங்கு.”

மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.